ஈயம் தட்டுகிறது, மீன் தங்கவில்லை: உல்லன் நூல் தூண்டிலில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கைகோமிஷ், கௌலிட்ஸ், போகாச்சீல், ஹோ போன்ற ஆறுகளில் ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டியில் பளிச்சென்ற நிறங்களில் உல்லன் நூல் கட்டாயம் இருக்கும். முள்ளின் மேல் சிறு கொத்தாக நூலைக் கட்டி, ஈயத்தின் எடையில் ஆற்றின் அடியை ஒட்டி ஓடவிடுவார்கள். புழு இல்லை, இறால் இல்லை, சினைகூட இல்லை. வெறும் நூலுக்கே மீன் வாயைத் திறக்கும். நம் ஊர் ஆட்களில் பலர் சியாட்டில் பக்கம் குடியேறிய பிறகு இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஈயம் மாட்டுகிறது, நூல் கழன்றுவிடுகிறது, கடித்த மீன் நிற்கவில்லை. இப்படி என்ன ஆகிறது என்பதை வைத்தே காரணத்தைத் தேடிப் போகலாம்.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட். குளிர்காலக் கூட்டம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலும், கோடைக் கூட்டம் மே முதல் அக்டோபர் வரையிலும் ஆறேறும். வாயில் நுண்ணிய கூர்ப்பற்கள் நிறைய உண்டு. மிதந்து வரும் ஒன்றைக் கவ்விப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் சட்டென்று துப்பிவிடும். நூலின் அருமை இங்கேதான் இருக்கிறது. அதன் இழைகள் அந்தப் பற்களில் சிக்கிக்கொள்வதால் மீனால் உடனே துப்ப முடிவதில்லை. அந்த ஒரு கணத்துக்குள் கரையில் நிற்பவர் கடியை உணர்ந்து சுண்ட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றால் வருபவை: நூல் மீனின் முகத்துக்கு எதிரே போய்ச் சேரவில்லை, அல்லது அது வாங்கித் தந்த கணம் வீணாகிறது.

தூண்டிலின் அமைப்பையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ரீலிலிருந்து வரும் முக்கியத் தங்கூசி (நைலான் இழை) 10 முதல் 15 பவுண்டு இழுப்பைத் தாங்குவது. அதன் நுனியில் சுவிவல், அதாவது முறுக்கேறாமல் சுழன்று கொடுக்கும் சிறு இணைப்பு. சுவிவலில் ஈயம் தொங்கும். சுவிவலின் மறுபக்கம் 8 முதல் 12 பவுண்டுத் தங்கூசியில் லீடர், அதாவது முள்ளைக் கட்டும் தனித் துண்டு. லீடரின் முனையில் ஒற்றை முள். முள்ளின் காதுக்குப் பக்கத்தில் ஒரு வளையம், அதற்குள் நூல். சிலர் முள்ளுக்கு மேலே லீடரில் கார்க்கி என்னும் சிறு மிதவை உருண்டையையும் கோத்துக்கொள்வார்கள். நூலும் முள்ளும் அடியிலிருந்து கொஞ்சம் எழும்பி வர அது உதவும்.

ஏதாவது கோளாறு என்றால் பலரும் முதலில் நூலின் நிறத்தைத்தான் மாற்றுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் ஈயம், அடுத்து லீடர், அப்புறம் முள்ளும் முடிச்சும், அதன் பிறகு நூலின் அளவு, கடைசியில் நிறம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி மீன் வந்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஈயம் ஓயாமல் பாறையில் மாட்டுகிறது

வீச்சுக்கு ஒரு தடவை மாட்டினால் ஈயம் அதிகம். சரியான எடைக்கு அடையாளம் தட்டுதான். ஈயம் அடியில் "டக்… டக்…" என்று ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை தட்டி, நடுவில் எழும்பி நகர வேண்டும். இடைவிடாமல் தரதரவென்று உரசினாலோ, தட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டாலோ எடையைக் குறையுங்கள். பென்சில் ஈயம் என்று கடையில் கம்பியாக விற்பதை வாங்கிக்கொண்டால் இது சுலபம். நீளமாக வெட்டிப் போட்டுவிட்டு, ஆற்றங்கரையிலேயே குறடால் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். அடுத்த மடுவில் ஓட்டம் வேறாக இருக்கும், அங்கே மறுபடி புதிய துண்டு. மடுவுக்கு மடு ஈயம் மாற்றச் சோம்பல்படுகிறவருக்கு இந்த முறை சரிப்படாது.

எடை சரியாக இருந்தும் மாட்டுகிறதா? வீசும் கோணத்தைப் பாருங்கள். நேர் எதிரேயோ, கொஞ்சம் மேலோட்டத்துப் பக்கமாகவோ வீச வேண்டும். ரொம்பவும் மேலே வீசினால் ஈயம் நம்மை நோக்கி உருண்டு வரும், தங்கூசி தொய்யும், தொய்ந்த இடத்தில் ஈயம் பாறை இடுக்கில் இறங்கிவிடும். கம்பின் நுனியை 45 பாகை அளவுக்கு உயர்த்திப் பிடித்து, ஈயம் போகும் வேகத்துக்குக் கம்பையும் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

ஸ்கைகோமிஷில் ரைட்டர் பாண்ட்ஸ் பக்கம் நிற்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே பெரிய பெரிய பாறைகள். தனிக் கட்டி ஈயம் அந்த இடுக்குகளில் ஆப்பு அறைந்ததுபோல் இறங்கிவிடும். அங்கே ஸ்லிங்கி நல்லது. பாராசூட் கயிற்றின் உறைக்குள் ஈயச் சிறுகுண்டுகளை நிரப்பி, இரண்டு முனையையும் தீயில் உருக்கி அடைத்ததுதான் ஸ்லிங்கி. வளைந்து கொடுப்பதால் பாறை மேல் நழுவிப் போய்விடும். கௌலிட்ஸ் போலக் கூழாங்கல் படுகையாக இருக்கும் இடங்களில் பென்சில் ஈயமே போதும்.

எப்படிப் போட்டாலும் சில மாட்டத்தான் செய்யும். மாட்டினால் ஈயம் மட்டும் போகட்டும், மற்றது திரும்பி வரட்டும். அதற்கு ஈயத்தை நேராகச் சுவிவலில் கட்டாமல் முக்கியத் தங்கூசியைவிட மெல்லிய ஒரு துண்டில் கட்டுங்கள். முக்கியத் தங்கூசி 12 பவுண்டு என்றால் ஈயத் துண்டுக்கு 6 பவுண்டு. இல்லையென்றால் சிறு ரப்பர் குழாயைச் சுவிவலில் மாட்டி, அதற்குள் பென்சில் ஈயத்தைச் செருகிவிடலாம். இழுத்தால் ஈயம் குழாயிலிருந்து உருவிக்கொள்ளும். விடுவிக்கும்போது கம்பை வளைத்து இழுக்காதீர்கள், கம்பு முறியும். கம்பை நீருக்கு நேராக நீட்டி, ரீலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்து போங்கள். தங்கூசியைக் கையில் சுற்றி இழுத்தால் சதையை அறுத்துவிடும். மாட்டியதை எடுக்க இன்னும் ஆழத்துக்கு இறங்கிப் போவதும் வேண்டாம். ஜனவரியில் அந்தத் தண்ணீர் எப்படிச் சில்லிடும் என்பது காலை வைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு முள்ளுக்காக எடுக்கிற ஆபத்தல்ல அது.

ஈயம் அடியைத் தொடுவதே இல்லை

தட்டே தெரியவில்லை என்றால் நூல் மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டீல்ஹெட் அடியை ஒட்டியே நிற்கும். குளிர்காலத்தில் எழுந்து வந்து கவ்வும் சுறுசுறுப்பு அதற்கு இருக்காது.

முதலில் ஒரு சோதனை. ஆற்றின் மேல்பரப்பில் நுரை போகுமே, அதைப் பாருங்கள். அடியில் ஓட்டம் எப்போதும் மேலே இருப்பதைவிட மெதுவாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் தங்கூசி நுரையைவிட மெதுவாக நகர வேண்டும். நுரையோடு சேர்ந்து ஓடினால் ஈயம் போதவில்லை. நுரையை முந்தினால் தங்கூசி ஓட்டத்தில் வில்லாக வளைந்து தூண்டிலை இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

இந்த வில் விழுவதுதான் ஈயம் கூட்டியும் தட்டாமல் போவதற்குப் பெரிய காரணம். நீரில் கிடக்கும் தங்கூசியின் நீளம் கூடக் கூட ஓட்டம் பிடித்து இழுக்கும் பரப்பும் கூடும். அக்கரை ஓரத்தில்தான் மீன் இருக்கும் என்ற நினைப்பில் தூரமாக வீசுகிறோம். பல சமயம் மீன் நமக்கு நாலு எட்டு முன்னால் நிற்கும். குறைவாக வீசுங்கள், கம்பை உயர்த்தித் தங்கூசியை முடிந்த மட்டும் நீருக்கு மேலே வைத்திருங்கள். தடித்த தங்கூசி போட்டிருந்தால் மெல்லியதற்கு மாறுங்கள். பின்னிய தங்கூசி (பிரெய்ட்) ரகத்தில் 30 பவுண்டுக்கு வருவது சாதாரணத் தங்கூசியின் 8 பவுண்டுப் பருமன்தான் இருக்கும். அதனால் ஓட்டத்தை நன்றாகவே அறுத்துக்கொண்டு இறங்கும். ஆனால் உறைபனிக் காலையில் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கம்பின் வளையங்களில் பனிக்கட்டியாக உறையும். அன்றைக்குச் சாதாரணத் தங்கூசிதான் வசதி.

லீடர் முறுக்கிச் சுருள்கிறது

நாலைந்து வீச்சுக்குப் பிறகு லீடரை எடுத்துப் பார்த்தால் பழைய தொலைபேசி ஒயர் மாதிரி சுருண்டிருக்கும். காரணம் முள் நீரில் சுழல்கிறது.

கணுக்கால் ஆழத்தில் ஓட்டம் இருக்கும் இடத்தில், லீடரை விரலில் பிடித்தபடி முள்ளை நீரில் விட்டுப் பாருங்கள். நான் எந்தத் தூண்டிலையும் இதைச் செய்யாமல் வீசுவதில்லை. முள்ளின் வளைவு கீழே தொங்க, நூல் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து, இலேசாக மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்க வேண்டும். முள் பக்கவாட்டில் படுத்தாலோ சுழன்றாலோ அப்போதே தெரிந்துவிடும். நூல் ஒரு பக்கம் அதிகமாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கத்தரியுங்கள். முடிச்சு முள்ளின் காதில் கோணலாக உட்கார்ந்திருந்தால் நூலைக் கத்தரித்துப் பயனில்லை, முடிச்சையே மறுபடி போட வேண்டும்.

கார்க்கி போட்டிருந்தால் அது முள்ளின் காதில் முட்டி உட்கார்ந்துகொண்டு முள்ளையும் சேர்த்துச் சுழற்றலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு மணியைக் கோத்தால் கார்க்கி தன் பாட்டுக்குச் சுழலும். அப்புறம் சுவிவல். மணலும் துருவும் ஏறிய சுவிவல் பேருக்குத்தான் சுவிவல். இரண்டு முனையையும் பிடித்து விரலால் திருப்பிப் பாருங்கள். தடங்கல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுங்கள்.

சுருண்ட லீடரை நீவி நேராக்கி அதையே மறுபடி வீசுவது வேண்டாம். அந்தத் தங்கூசி உள்ளுக்குள் பலம் இழந்திருக்கும்.

நூல் கழன்று போகிறது, அல்லது சப்பென்று ஒட்டிக்கொள்கிறது

கழன்று போவதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் வளையம்தான். எக் லூப் என்று இங்கே எல்லாரும் சொல்லும் முடிச்சைப் போடத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் சினையைக் கட்டி வைப்பதற்காகப் போடப்பட்ட முடிச்சு, நூலுக்கும் அதுவே.

30 அங்குலத் தங்கூசி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை முள்ளின் காது வழியாக நுழைத்துத் தண்டோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். தங்கூசியின் நீளப் பக்கத்தால் தண்டையும் அந்த முனையையும் சேர்த்துக் காதிலிருந்து வளைவை நோக்கிப் பத்துச் சுற்று, ஒன்றை ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். சுற்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பிடி கடைசிவரை தளரக் கூடாது. இப்போது தங்கூசியின் மறுமுனையை எடுத்துக் காது வழியாக நுழைத்து, அதையும் தண்டோடு படுக்க வையுங்கள். பக்கத்தில் பெரிய வளையமாகத் தங்கூசி தொங்கும். அந்த வளையத்தின், சுற்றுக்கு அருகே இருக்கும் காலைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து இன்னும் ஆறேழு சுற்று. பிறகு மறுமுனையை மெதுவாக இழுத்தால் வளையம் முழுவதும் சுற்றுக்குள் உள்வாங்கிக்கொள்ளும். இறுக்குவதற்கு முன்னால் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லீடரைக் காதின் வழியே பின்னால் தள்ளினால், காதுக்கும் முதல் சுற்றுக்கும் நடுவில் ஒரு சிறு வளையம் திறக்கும். அதில்தான் நூலை வைக்க வேண்டும். லீடரை இழுத்ததும் வளையம் நூலின் இடுப்பைக் கவ்விப் பிடிக்கும். பிடி போதாது என்று தோன்றினால், நூலை வளையத்துக்குள் வைத்து ஒரே ஒரு சாதாரண முடிச்சு போட்டுவிட்டு இறுக்குங்கள், நாள் முழுக்க நிற்கும். வளையம் ஓட்டமாகத் திறந்து மூட மறுத்தால் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

குளிரில் விரைத்த விரலோடு ஆற்றங்கரையில் இந்த முடிச்சைப் போடுவது பெரும்பாடு. வீட்டில் இரவு உட்கார்ந்து ஒரு டஜன் லீடர் கட்டி, நுரைப்பஞ்சு உருளையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் விரியாமல் ஈரப் பஞ்சாக ஒட்டிக்கொண்டால் ஒன்று ரகம் தவறு, அல்லது அளவு தவறு. ஸ்வெட்டர் பின்னுகிற முறுக்கு நூல் இதற்கு ஆகாது. தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், இழையும் பிரியாது. இதற்கென்று விற்பது பெரும்பாலும் செயற்கை இழை, முறுக்கு இல்லாமல் பஞ்சுபோல் இருக்கும், தண்ணீர் குடிக்காது. வளையத்தில் வைத்த பிறகு ஒரு பழைய சீப்பின் பல்லால் சீவிவிடுங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருதரம் நூலை இரண்டு விரலில் பிழிந்து விரித்துவிட்டால் போதும். பாசியோ இலைத் துணுக்கோ ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கடிக்கிறது, ஆனால் மாட்டவில்லை

மனத்தை அதிகம் உறுத்தும் கோளாறு இதுதான். கம்பில் இழுப்பு தெரிகிறது, சுண்டுகிறோம், காற்றுதான் வருகிறது.

முதலில் நூலின் அளவைப் பாருங்கள். நூல் நிறைய இருந்தால் மீனுக்குக் கண்ணில் படும் என்று கட்டைவிரல் பருமனுக்குக் கட்டுகிறார்கள். அப்போது முள்ளின் வாய் நூலால் அடைந்துபோகிறது. மீன் கவ்வுவது நூலை, முனை வாய்க்குள் எங்கும் படுவதில்லை. நூல் வாங்கித் தரும் அந்தக் கணத்தை நூலே கெடுத்துவிடுகிறது. முள்ளைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், முனைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வெளிச்சமாகத் தெரிய வேண்டும். நூலின் நுனி முள்ளின் வளைவைத் தாண்டக் கூடாது. தெளிந்த நீரில் பட்டாணி அளவு போதும். கலங்கல் என்றால் சுண்டைக்காய் அளவுக்குப் போகலாம், அதற்கு மேல் அவசியமில்லை. கார்க்கிக்கும் இதே கணக்குதான். அதன் விட்டம் முள்ளின் வாய் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய கார்க்கிதான் வேண்டும் என்றால் முள்ளையும் பெரிதாக்குங்கள். குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்குச் சாதாரணமாக 2, 1 அல்லது 1/0 எண் முள். நீர் குறைந்து தெளிந்த நாளில் இன்னும் சிறிதான 4 எண் முள்ளும் வேலை செய்யும்.

இரண்டாவது, முள்ளின் கூர். பெட்டியிலிருந்து எடுத்த புதிய முள்ளே மழுங்கலாக வருவதுண்டு, அடியில் பாறையைத் தொட்டபடியே போகும் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இலேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் சிறு அரத்தால் முனையை நோக்கி ரெண்டு தேய்ப்பு தேயுங்கள். முனையே மடிந்திருந்தால் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள். பாறையில் மாட்டி மீண்ட ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். ஐந்து நொடி வேலை.

எதிர்முள்ளைப் பற்றி ஒரு சொல். முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு கூர் இல்லாத முள்ளைத்தான் இங்கே பல ஆறுகளில் பயன்படுத்த வேண்டும் என்று விதி. அதனால்தான் மீன் தப்புகிறது என்று குறைபடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்முள் இல்லாத முள் எளிதாக ஆழ இறங்கும். தங்கூசி தொய்யாமல் பார்த்துக்கொண்டால் அது கழலாது. குறடால் எதிர்முள்ளை அழுத்தி மடித்துவிட்டு, ஒரு துணியில் குத்தி எடுத்துப் பாருங்கள். இழை பிடிக்காமல் வந்தால் சரியாக மடிந்திருக்கிறது.

மூன்றாவது, நம் கை. பாறையில் ஈயம் தட்டுவதும் மீன் கவ்வுவதும் ஒரே மாதிரி இருக்காது. கல்லின் தட்டு கெட்டியாக, சுருக்கென்று இருக்கும். மீனின் கடி பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். ரப்பரை யாரோ மெதுவாக இழுப்பதுபோல் ஒரு கனம். சில நேரம் அதுகூட இல்லை, ஒழுங்காக வந்துகொண்டிருந்த தட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த நிற்பே கடி. "இன்னொரு இழுப்பு வரட்டும்" என்று காத்திருந்தால் வராது. சந்தேகம் வந்தால் சுண்டுங்கள். சுண்டுவதற்குக் கம்பைத் தலைக்கு மேலே தூக்குவதைவிடக் கீழோட்டத்துப் பக்கமாகக் கரையை நோக்கி வாங்கி இழுங்கள். மீன் மேலோட்டத்தைப் பார்த்து நிற்பதால் முள் அதன் வாயின் மூலையில் போய்ப் பிடிக்கும்.

தொய்வும் காரணமாக இருக்கலாம். ஈயத்துக்கும் கம்பு நுனிக்கும் நடுவில் தங்கூசி வில்லாகக் கிடந்தால், நீங்கள் சுண்டும் விசை வில்லை நேராக்குவதிலேயே தீர்ந்துபோகும். லீடர் நீளமாக இருந்தாலும் இதே கதிதான். 36 அங்குலத்துக்கு மேல் லீடர் வைத்திருப்பவர் கடியை ஒரு கணம் தாமதமாகத்தான் உணர்வார். கலங்கிய நீரில் 18 அங்குலமே போதும். நீர் தெளியத் தெளிய 24, 30 என்று நீட்டிக்கொள்ளலாம்.

மாட்டிய மீன் அறுத்துக்கொண்டு போகிறது

அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. முனை பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது: சுற்று குறைவு, அல்லது நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள். முனை நேராக வெட்டுப்பட்டதுபோல் இருந்தால், முள்ளின் காதில் கம்பி முழுதாக மூடாமல் இருக்கும் கீறல் தங்கூசியை அறுத்திருக்கும். முடிச்சு போடுவதற்கு முன்பே காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடைவெளி தெரிகிற முள்ளை ஒதுக்கிவிடுங்கள். முனைக்குச் சற்று மேலே தங்கூசி சொரசொரவென்று இருந்தால் பாறை உராய்ந்தது. லீடரின் கடைசி ஓரடியை உதட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தால் கையில் தெரியாத சொரசொரப்பும் தெரியும்.

இவை எதுவும் இல்லை என்றால் ரீலின் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. லீடரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கு ரீல் தங்கூசியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, மீன் மட்டும் வரவில்லை

ஈயம் அழகாகத் தட்டுகிறது, நூல் விரிகிறது, முள் கூராக இருக்கிறது. அப்படியென்றால் தூண்டிலை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள். ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில் ஓடும், 4 முதல் 8 அடி ஆழமுள்ள, அடியில் கல் இருக்கும் இடங்களே ஸ்டீல்ஹெட் நிற்கும் இடம். தேங்கிய மடுவின் நடுவிலோ வெள்ளை நுரை பொங்கும் இடத்திலோ மணிக்கணக்காக வீசிப் பயனில்லை. வேகமும் மந்தமும் சந்திக்கும் ஓரம், பெரிய பாறைக்கு முன்பக்கம், மடு முடிந்து ஆழம் குறையும் வால்பகுதி, இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். ஒரே வரியில் திரும்பத் திரும்ப வீசாமல், வீச்சுக்கு வீச்சு ஓரடி ஈரடி தள்ளிப் போடுங்கள். நீர் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போன நாளில் மீன் நகர்ந்து வந்து கவ்வாது, நூல்தான் அதன் மூக்குக்கு நேரே போக வேண்டும்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் நிறம். தெளிந்த நீருக்கு வெளிர் பீச், இளஞ்சிவப்பு. கலங்கலுக்கு அழுத்தமான ஆரஞ்சு, பச்சைமஞ்சள். இரண்டு நிறத்தைக் கலந்து கட்டுவது நல்ல பழக்கம், ஆரஞ்சுக்கு நடுவில் ஒரு வெள்ளை இழை வைத்தால் சினைக் கொத்தின் சாயல் வரும். ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறையிலிருந்து வருவதால் பால்நீலமாகக் கலங்கும். மழை ஆறான போகாச்சீல் தெளிந்திருக்கும் அதே நாளில்கூட அங்கே அழுத்தமான நிறம் தேவைப்படலாம்.

நூலில் இறால் எண்ணெய், சோம்பு எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் வாஷிங்டன் விதிப்படி வாசனை சேர்த்த எதுவும் இரை என்றே கணக்கு. இரைக்குத் தடை உள்ள ஆற்றில் அந்த நூல் சட்டவிரோதம். ஒரு தடவை எண்ணெய் தொட்ட நூலைத் தனி டப்பாவில் வையுங்கள், மற்றதோடு கலக்க வேண்டாம். விதிகள் ஆற்றுக்கு ஆறு வேறு. பருவத்தின் நடுவில் அவசர மாற்றங்களும் வரும். கிளம்பும் நாளன்று காலையில் மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தில் அந்த ஆற்றின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மீன் வாயில் மாட்டாமல் உடம்பில் மாட்டுகிறது

எப்போதோ ஒரு தடவை என்றால் தற்செயல். அடிக்கடி நடந்தால் லீடர் ரொம்ப நீளம். மிக நீண்ட லீடர் ஓட்டத்தில் குறுக்காக வீசிப் போகும்போது தங்கூசி மீனின் திறந்த வாய்க்குள் நுழைந்து வழுக்கி, முள் வெளிப்பக்கத்திலிருந்து தாடையில் குத்தும். துடுப்பிலும் வயிற்றிலும் குத்தும். மீன் கவ்வவே இல்லை, நாம் கொக்கி போட்டு இழுத்திருக்கிறோம். இதை வேண்டுமென்றே செய்து "பிடித்தேன்" என்று சொல்கிறவர்களைச் சால்மன் கூட்டமாக ஏறும் நாட்களில் பார்க்கலாம். எனக்கு அது மீன்பிடிப்பே அல்ல. லீடரை 24 அங்குலத்துக்குக் குறையுங்கள், ஓட்டம் முடியும் இடத்தில் காரணமில்லாமல் கம்பை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கொக்கி போட்டு இழுப்பதைத் தடுக்கும் விதி உள்ள ஆறுகளில் ஈயம் முள்ளுக்கு 12 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது, முள்ளின் வாய் அகலமும் முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதனால் குறைக்கிறேன் என்று ஒரேயடியாகவும் குறைத்துவிடாதீர்கள்.

உடம்பில் மாட்டிய மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். வாயில் மாட்டியிருந்தாலும் முதுகின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் இருக்கும் சிறு சதைத் துடுப்பைப் பாருங்கள். அது வெட்டப்பட்டு ஆறிய தழும்பு இருந்தால் பண்ணையில் பொரித்த மீன். முழுதாக இருந்தால் காட்டு மீன், அதையும் விட வேண்டும். காட்டு ஸ்டீல்ஹெட்டைப் படம் எடுப்பதற்காகக்கூட நீரிலிருந்து முழுதாகத் தூக்குவது விதிக்கு விரோதம். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே மேலோட்டத்தைப் பார்க்கப் பிடித்து, குறடால் முள்ளின் வளைவைப் பற்றி வந்த வழியே தள்ளுங்கள். எதிர்முள் இல்லாத முள் உடனே வந்துவிடும். நூல் பற்களில் சிக்கியிருந்தால் இழுக்காமல், முள்ளை எடுத்த பிறகு இழைகளைத் தனியாக விடுவியுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்ட வேண்டாம். லீடரை முடிந்த அளவு உள்ளே வெட்டிவிட்டு, மீன் தானாக வாலை அடித்து நழுவும்வரை பிடித்திருந்து விட்டுவிடுங்கள்.